கையளவு கம்பியில் வந்த படம்

நேயர்களுக்கு வணக்கம். கொடைக்கானலில் முப்பது வருடத்துக்கு மேலாக டிவி, ரேடியோ ரிப்பேர் கடை நடத்தி வருகிறேன். கொடைக்கானல் பண்பலை வானொலி நிலையத்தார் கூப்பிட்டுப் பேசச் சொன்னதும் என் நினைவுக்கு முதலில் வந்தது நாயுடுபுரத்து அம்மா ஒருவர் என்னிடம் கேட்ட கேள்விதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம், ஆடிக் காற்று. மழையில் நனைந்தபடி கடைக்கு வந்து நின்றார். "தம்பி, ஆன்டெனா சாஞ்சிருச்சு. ஆனா படம் முன்ன மாதிரியே வருதுப்பா. டிவில எதுவும் கோளாறா?"

போய்ப் பார்த்தேன். அலுமினியக் குழாயெல்லாம் கேரட் பாத்தியில் கிடந்தது. ஒயர் ஓட்டுக்கடியிலேயே அறுந்துவிட்டது. டிவியின் பின்னால், செருகிய இடத்திலிருந்து ஒரு முழத் துண்டு மட்டும் தொங்கியது. திரையில் தூர்தர்ஷன் செய்தி. ஒரு புள்ளிகூட இல்லை. அவர்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே ஒளிபரப்புக் கோபுரம், உச்சியில் சிவப்பு விளக்கு. "டிவி நல்லாத்தான் இருக்கும்மா, உங்க வீடுதான் கொடுத்து வச்ச வீடு" என்றேன்.

அலை கோபுரத்திலிருந்து தள்ளிப் போகப் போக பரவி மெலிந்துவிடும். தூரம் இரண்டு மடங்கானால் பலம் நாலில் ஒரு பங்கு. அந்த வீட்டுக்கும் கோபுரத்துக்கும் சுமார் 2 கிலோமீட்டர். மதுரை நேர்கோட்டில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர், அதாவது நாற்பது மடங்கு. நடுவில் மறைப்பில்லை என்று வைத்து நாற்பதை நாற்பதால் பெருக்கினால், அந்த அம்மா வீட்டில் அலை மதுரையைவிட 1600 மடங்கு பலம். மதுரைக்காரர் மொட்டைமாடியில் கம்பம் நட்டுப் பிடித்ததை இங்கே ஒரு முழ ஒயர் பிடித்துவிட்டது.

கோபுரம் வருவதற்கு முன்னால் இந்த மலையில் டிவி பார்ப்பதென்றால் இலங்கை ரூபவாகினிதான். 1982-ல் அது தொடங்கிய பிறகு, தென்கிழக்கே திருப்பி வைத்த நீள நீளமான ஆன்டெனாக்களைக் கூரை கூரையாகப் பார்க்கலாம். காற்றில் ஒரு சாண் திரும்பினாலும் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக கிரெயின்ஸ்தான். "இப்போ வருதா?" என்று கூரையில் ஒருவர் கத்த, "இல்ல, இன்னும் கொஞ்சம்" என்று உள்ளேயிருந்து பதில் வரும். அப்படிப் பழகியவர்களுக்கு ஆன்டெனாவே இல்லாமல் படம் வந்தால் பயம் வருமா, வராதா?

அலை பலமாக உள்ள இடத்தில் மனித உடம்பே ஆன்டெனாவாகிவிடும். உப்பு கலந்த நீர் நிறைந்த உடம்பு அலையைத் தாங்கித் திருப்பி விடுகிறது. டிவி பக்கத்தில் பிள்ளை நின்றால் படம் தெளியும், நகர்ந்தால் கலையும். "டேய், அங்கேயே நில்லுடா" என்று படம் முடியும்வரை நிற்க வைக்கப்பட்ட பிள்ளைகள் இந்த ஊரில் இன்று தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். கோபுரத்துக்கு அருகில் ஒரு வீட்டில் படத்தில் வரி வரியாக ஓடுகிறது என்றார்கள். சிக்னல் குறைவு என்று நினைத்து, சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் படமே நிற்கவில்லை, நெளிந்து கறுத்துப் போயிற்று. அளவுக்கு மீறிய சிக்னலை, டிவிக்குள் அலையை வாங்கும் ட்யூனர் தாங்காது. பூஸ்டரைக் கழற்றி, ஒயரையும் செருகியிலிருந்து பாதி வெளியே இழுத்துவிட்டதும் படம் கண்ணாடி மாதிரி நின்றது. பூஸ்டருக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தேவையில்லாத வீடுகளில் பூஸ்டருக்குக் காசு போவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

நான் அதிகம் கற்றுக்கொண்டது நிழல் படத்திடம். ஆள் ஒன்று, வலப்பக்கம் மங்கலாக அதே ஆள் இன்னொன்று. நேராக வந்த அலைக்குப் பின்னால், பாறையில் பட்டுத் திரும்பிய அலை தாமதமாக வருகிறது. பழைய டிவியில் ஒரு கோடு திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓட 52 மைக்ரோசெகண்ட். 20 அங்குலத் திரையின் அகலம் சுமார் 40 சென்டிமீட்டர். ஒரு மைக்ரோசெகண்டில் அலை 300 மீட்டர் போகும். கணக்குப் போட்டால், நிழல் ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தெரிந்தால் அலை ஏறக்குறைய 400 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்திருக்கிறது.

ஒரு வீட்டில் ஸ்கேலைத் திரையில் வைத்துப் பார்த்தேன்: 4 சென்டிமீட்டர். அப்படியென்றால் 1600 மீட்டர் சுற்று. கோபுரம் முன்னால், பாறை பின்னால் என்றால் போக 800, வர 800. கொல்லைப்புறக் கதவைத் திறந்தேன். பள்ளத்தைத் தாண்டி, யூகலிப்டஸ் மரங்களுக்கு மேலே, மழையில் நனைந்த மொட்டைப் பாறை மினுமினுத்தது. டிவிக்குள் தெரிந்த பாறையை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

கேபிள் வந்த பிறகு சில வீடுகளில் நிழல் இடப்பக்கம் விழுந்தது. கோபுரத்து அலை காற்றில் நேராக டிவிக்குள் புகுந்துவிடும். கேபிள் வழியே சுற்றி வரும் அதே படம் பிந்தி வரும். முந்தி வந்தது இடப்பக்கம் நிழலாகத் தெரியும்.

தூர்தர்ஷன் அந்தப் பழைய தரைவழி ஒளிபரப்பைப் படிப்படியாக நிறுத்திவிட்டது. ஆனால் இந்தப் பண்பலை அதே மலையிலிருந்துதான் வருகிறது. 100.5 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர் ஒயர் இருந்தால் அலையை நன்றாகப் பிடிக்கும். செல்போனில் எஃப்எம் திறந்தால் இயர்போனை மாட்டச் சொல்வது இதற்காகத்தான்: அந்த ஒயர்தான் ஏரியல்.

மேட்டுக்குப் பின்னால், பள்ளத்து வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பவர்களே, கரகரவென்று கேட்டால் ஒயரைச் சுருட்டி வைக்காதீர்கள், நீட்டித் தொங்கவிடுங்கள். அப்படியும் தெளியாவிட்டால் ரேடியோவை முக்கால் மீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள். நேர் அலையும், எதிர்ப்பக்கப் பாறையில் பட்டுத் திரும்பும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்தால், அதே கோட்டில் ஏறக்குறைய அவ்வளவு தூரம் தள்ளி ஒன்று சேர்ந்து பலமாகிவிடும். இடி இடிக்கும்போது மட்டும் வெளியே ஒயர் எதுவும் கட்டாதீர்கள். பழைய டிவியின் பின்பக்க ஓட்டையில் கம்பியைச் செருகவும் வேண்டாம். சில பழைய செட்டுகளின் உள்தகட்டிலேயே மின்சாரம் இருக்கும்.

வணக்கம்.