புரோலிஃபிக்: எண்ணிக்கை சொல்லும் சொல்

வணக்கம், நேயர்களே. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். எஸ்.பி.எம். என்னும் மலேசிய இடைநிலைப் பள்ளித் தேர்வை எழுதப்போகும் பிள்ளைகள் ஆசையோடு தேடி எடுத்து எழுதும் ஒரு சொல்லைப் பற்றி இன்று பேசுகிறேன். 'புரோலிஃபிக்' என்பது அந்தச் சொல். நிறையப் படைக்கிற, நிறைய விளைவிக்கிற என்று பொருள். புதுச் சொல்லைத் துணிந்து எழுதுகிற பிள்ளையை எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தத் துணிச்சலுக்கு முழு மதிப்பெண் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பேச்சு.

மலாய்த் திரைக் கலைஞர் பி. ரம்லியைப் பாருங்கள். 1973-இல் மறைந்தபோது அவருக்கு வயது 44 தான். அதற்குள் 60-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்துவிட்டார், 34 படங்களை இயக்கிவிட்டார், பாட்டும் எழுதி, இசையும் அமைத்துப் பாடினார். புரோலிஃபிக் என்றால் இவரைத்தான் சொல்ல வேண்டும். ஆயிரம் படங்களுக்கு மேல் இசையமைத்த இளையராஜாவுக்கும் அது அப்படியே பொருந்தும். ஆனால் 'பி. ரம்லியின் பாடல்கள் புரோலிஃபிக்' என்று எழுதினால், சொல்ல வந்தது வந்து சேராது. பாடல்கள் இனிமையானவை, புகழ்பெற்றவை என்பதுதான் அந்தப் பிள்ளையின் மனத்தில் இருக்கும். இந்தச் சொல்லில் இனிமையும் இல்லை, புகழும் இல்லை. நிறையப் படைத்தவர் என்பதோடு அது நின்றுவிடுகிறது. தரம் உயர்ந்ததா இல்லையா என்பதை அடுத்த வாக்கியத்தில் நாம்தான் எழுத வேண்டும்.

தமிழில் மௌனி எழுதியவை மிகச் சில கதைகள். அவரைப் பெரிய எழுத்தாளர் என்று தாராளமாகச் சொல்லலாம், புரோலிஃபிக் என்று மட்டும் சொல்லக் கூடாது. பாராட்டு வேண்டும் என்பதற்காக இந்தச் சொல்லை எல்லோருக்கும் மாலையாகப் போட்டுவிட்டால், உண்மையிலேயே ஓயாமல் உழைத்து எழுதிக் குவித்தவரைச் சொல்ல நம்மிடம் என்ன மிஞ்சும்?

இந்தச் சொல் கலைஞர்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். பிள்ளை, சந்ததி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதனால் நிறையக் குட்டி போடும் முயலுக்கும், நிறையக் காய்க்கும் மரத்துக்கும் பொருந்தும். நம் செம்பனையையும் சொல்லலாம். ஒரு காலத்தில் அது நன்றாகக் காய்க்க, இங்கே ஆட்களே கையால் மகரந்தம் தூவிக்கொண்டிருந்தார்கள். 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், அப்புறம் அந்த வேலையை வண்டே பார்த்துக்கொண்டது. கோல் அடித்துக் குவித்த மலேசியக் கால்பந்து வீரர் மொக்தார் டஹாரியையும் பத்திரிகைகள் இந்தச் சொல்லால்தான் குறிக்கும்.

இனி, பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடத்துக்கு வருகிறேன். பெயர்ச்சொல் தேவைப்படும்போது கை தானாகப் 'புரோலிஃபரேஷன்' என்று எழுதிவிடுகிறது. வேர் ஒன்றுதான், வேலை வேறு. அது ஏதோ ஒன்று பல்கிப் பெருகிப் பரவுவதைச் சொல்வது. 1968-இல் கையெழுத்தான அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பதும் அதுதான். ஓர் எழுத்தாளரின் படைப்பு வேகத்தை அந்தச் சொல்லால் எழுதினால், படிக்கிறவர் முகம் சுளிப்பார். அதற்கான சொல் 'புரோலிஃபிக்கசி'. அகராதியில் இருக்கிறது, தவறே இல்லை. ஆனால் அரிதாகப் புழங்கும் சொல் என்பதால் வாக்கியம் கொஞ்சம் விறைத்துக்கொள்ளும். 'அவர் புரோலிஃபிக்கான எழுத்தாளர்' என்று வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

'புரோலிக்ஸ்' என்று இன்னொன்று உண்டு, எச்சரிக்கை. அது வளவளவென்று நீட்டுகிறவரைக் குறை சொல்லும் சொல். மதிக்கிற ஒருவரைப் பற்றிய கட்டுரையில் கை தவறி அது வந்து விழுந்தால், நாம் நினைத்ததற்கு நேர் எதிராகிவிடும்.

வாயால் சொல்லும்போது அழுத்தம் நடுவில் இருக்கும் 'லிஃ' மீது விழட்டும். 'புரோலிஃபிக்கசி' என்ற பெயர்ச்சொல்லிலும் அதே 'லிஃ' மீதுதான். முதல் அசையை அழுத்தினால், கேட்கிறவருக்குச் சட்டென்று பிடிபடாது. வாய்மொழித் தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் இன்றிரவே இதைச் சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.