எழுத்தாக அனுப்புங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். பிறவியிலிருந்தே எனக்குப் பார்வை கிடையாது. என் போன்றவர்களுக்கும், வயதாலோ சர்க்கரையாலோ பார்வை மங்கியவர்களுக்கும் ஒரு செய்தி எப்படி வந்து சேருகிறது, எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஜூன் பிறந்தால் நம் டெல்டாவில் எல்லாருக்கும் ஒரே கேள்வி: மேட்டூரில் தண்ணீர் எத்தனை அடி? வானொலிச் செய்தியில் நீர்மட்டம், நீர்வரத்து எல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். அந்த நிமிஷத்தில் எனக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. தஞ்சாவூர் பேருந்து நிலையத்திலும் அப்படித்தான். ‘அய்யம்பேட்டை, பாபநாசம், கும்பகோணம்’ என்று நடத்துநர் கூவினால் யாரையும் கேட்காமல் ஏறிவிடுவேன். அவர் பேசாமல் இருந்தால், போர்டைப் படித்துச் சொல்ல ஓர் ஆளைத் தேட வேண்டும்.

கைப்பேசி வந்த பிறகு ஆளைத் தேடுவது வெகுவாகக் குறைந்தது. திரையில் எழுத்தாக இருப்பதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும் திரைவாசிப்பான்கள் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அதன் பெயர் டாக்பேக். தனியாக வாங்க வேண்டாம். கணினிக்கு என்விடிஏ இருக்கிறது, அதுவும் இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் இரண்டு பேர் 2006இல் தொடங்கியது அது. இன்று என் மாணவர்களின் கட்டுரைகளை அதில் கேட்டுத்தான் திருத்துகிறேன். ஆனால் ஒன்றை மறுபடியும் சொல்கிறேன்: எழுத்தாக இருந்தால்தான் அது படிக்கும்.

போன சம்பா சமயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி என்ன, என்னென்ன சான்று வேண்டும் என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது. தட்டினேன். ‘புகைப்படம்’ என்றது கைப்பேசி. அவ்வளவுதான். நோட்டீஸைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துப் படிக்கும் செயலியில் போட்டுப் பார்த்தேன். தலைப்பு வந்தது. கட்டம் போட்ட பகுதியில் தேதியும் தொகையும் ஊர்ப் பெயரும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ரப்பர் முத்திரை விழுந்த இடத்தில் ஒன்றுமே வரவில்லை.

சரி, மூலக் கோப்பையே அனுப்புங்கள் என்று அந்த அறிவிப்பை வெளியிட்ட அலுவலகத்தில் கேட்டேன். நல்ல மனதோடு உடனே அனுப்பினார்கள். திறந்தால் கைப்பேசி ஏதோ வேற்று மொழி போல உளறுகிறது. எழுத்தெழுத்தாக நகர்த்திக் கேட்டேன். ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்றது. நேயர்களில் தட்டச்சு தெரிந்தவர்கள் பிடித்திருப்பீர்கள்: பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடிக்க அழுத்த வேண்டிய விசைகள் அவை. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். அவற்றின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. பார்க்கிறவர் கண்ணுக்குத் தமிழாகத் தெரிகிறது. கேட்கிற எனக்கு ஜே, கே, பி.

இதற்குத் தீர்வு வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் சொந்தமாக எண்கள் கொடுத்து வைத்திருக்கிறது ஒருங்குறி என்று நாம் சொல்லும் யூனிகோடு, 1991இலிருந்தே. அரசு அலுவலகங்களில் ஒருங்குறியைப் பயன்படுத்த வேண்டும் என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டது 2010இல். அப்புறமும் பழைய எழுத்துருவில் அடிப்பது விட்டபாடில்லை. கை பழகிவிட்டது என்கிறார்கள். விசை வரிசையை மாற்ற வேண்டியதே இல்லை. அதே பாமினி வரிசையில் ஒருங்குறியாக அடிக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இதை நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

எங்கள் ஊர்க் கதை ஒன்று உண்டு. அறுபத்து மூவரில் ஒருவரான தண்டியடிகள், திருவாரூர்க்காரர், பார்வையில்லாதவர். கோயிலுக்கு மேற்கே இருந்த குளம் தூர்ந்து குறுகிக்கொண்டே போவதைக் கேட்டு, தானே தோண்டுகிறேன் என்று இறங்கினார். குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு, இரண்டுக்கும் நடுவே கயிறு. கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி, மண்ணை வெட்டிக் கூடையில் அள்ளி, அதே கயிற்றைத் தடவிக்கொண்டே மேலேறிக் கொட்டினார். கடைசியில் அவருக்குப் பார்வை வந்தது என்று கதை முடியும். சொல்கிறவர்கள் அந்த முடிவைத்தான் விரித்துச் சொல்வார்கள். என் மனம் நிற்பது கயிற்றில். பார்வை வருவதற்கு முன்பே வேலை நடந்துகொண்டிருந்தது, இல்லையா? கூடவே ஆள் வரவில்லை, யாரும் கையைப் பிடித்துக் கூட்டிப்போகவில்லை. அப்புறம் ஒருநாள் வேண்டாதவர்கள் வந்து கம்பையும் கயிற்றையும் மண்வெட்டியையும் பிடுங்கிவிட்டார்கள். வேலை நின்றது. நேற்று மண் சுமந்தவர்தான் இன்றும் நிற்கிறார், அவரிடம் ஒரு குறையும் புதிதாக வந்துவிடவில்லை. அந்தக் குளமான கமலாலயத்தின் கரையில் மாணவர்களை நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லும்போது, ‘வேலை ஏன் நின்றது?’ என்று கேட்பேன். கயிறு போனதால் என்று பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். நோட்டீஸைப் படமாக மட்டும் அனுப்புகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். தெரியாமல் கயிற்றை அவிழ்த்துவிடுகிறீர்கள். படத்தை அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குக் கீழே தேதி, இடம், கேட்கிற சான்றுகள் என்று நாலு வரி தட்டச்சு செய்து போடுங்கள்.

பார்வை மங்கியவர்களுக்கு வருகிறேன். கல்யாணப் பத்திரிகையில் அரக்கு நிறத் தாளில் தங்க எழுத்தாக அடிக்கிறோம். வீட்டுப் பெரியவர் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார். வெளிர் தாளில் கறுப்பு மை, கொஞ்சம் பெரிய எழுத்து, முகூர்த்த நேரமும் மண்டபமும் தனி வரியில் என்று இருந்தால் அவரே படித்துக்கொள்வார்.

தயாரிப்பாளர் என் தோளைத் தொட்டுவிட்டார், நேரம் நெருங்குகிறது. ரூபாய் நோட்டு பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். தடவி அடையாளம் காண்கிற எங்களுக்கு, இருநூறுக்கும் ஐந்நூறுக்கும் நீளத்தில் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கைமாறிக் கைமாறித் தேய்ந்த நோட்டில், தடவி அறிவதற்காக ஓரத்தில் மேடாக அச்சிட்ட கோடுகளும் விரலுக்குத் தட்டுப்படாது. ரிசர்வ் வங்கியின் ‘மணி’ என்ற செயலி நோட்டைப் பார்த்துத் தொகையைச் சொல்லும். புத்தகத்துக்கு வந்தால், பார்வையற்றவர்களுக்குப் படிக்கத்தக்க வடிவில் நூல்கள் கிடைப்பதற்காக 2013இல் உருவான மராகேஷ் என்ற பன்னாட்டு உடன்படிக்கைக்கு 2014இல் முதலாவதாக ஒப்புதல் தந்த நாடு இந்தியா. பார்வையற்றவர் படிப்பதற்காக ஒரு நூலைப் பிரெயிலாகவோ ஒலியாகவோ மாற்ற நம் பதிப்புரிமைச் சட்டமும் இடம் கொடுக்கிறது. சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் அப்படி மாற்றிய நூல்களைத் தருகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பார்வைக் குறை இருந்தால் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக, பெரியவர்களின் கைப்பேசியில் அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை என்ற பகுதியில் டாக்பேக் இருக்கும். அதைப் போட்டதும் தொடும் முறை மாறிவிடும்: ஒருமுறை தொட்டால் பெயரைச் சொல்லும், இருமுறை தட்டினால்தான் திறக்கும். கெட்டுப்போய்விட்டது என்று பயந்து அணைத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மூன்று நாள் சொல்லிக்கொடுங்கள். நன்றி, வணக்கம்.