மருத்துவக் கல்லூரியில் ஓர் உயிர்வேதியியலாளரின் பணி

(மார்த்தாண்டத்தில் மருத்துவ, அறிவியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, ஆசாரிபள்ளத்திலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, பிள்ளைகளுடன் வந்திருக்கும் பெற்றோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

எம்.பி.பி.எஸ். படிப்பின் முதற்கட்டத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்றும் கற்பிக்கப்படுகின்றன. அது முடிந்ததும் மாணவர்கள் வார்டுக்குப் போய்விடுகிறார்கள்; உயிர்வேதியியல் பாடநூல் அலமாரிக்குப் போய்விடுகிறது. அதனால்தான், இது தேர்வுக்காகப் படித்து மறக்க வேண்டிய பாடம் என்றும், இதில் மேற்படிப்புக்குச் செல்பவர் வேறு இடம் கிடைக்காமல் வந்தவர் என்றும் நம் வீடுகளில் ஒரு பேச்சு நிலவுகிறது. வாழ்நாள் முழுவதும் இத்துறையில் கற்பித்தவன் என்ற முறையில் அந்தப் பேச்சை நான் மறுக்கிறேன். மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியலாளருக்கு வகுப்பறை, மருத்துவமனையின் மைய ஆய்வகம், ஆராய்ச்சி என மூன்று வேலைகள் இருப்பதாகச் சொல்வார்கள். உண்மையில் அவை மூன்றும் ஒரே வேலைதான். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்த இடங்களில் மூன்றுமே நலிந்து போவதை நான் பார்த்திருக்கிறேன்.

நமக்குப் பழக்கமான ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். ஆறுகாணி, பேச்சிப்பாறை போன்ற மலையோரப் பகுதிகளில் விடியுமுன்னே ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஒரு தொழிலாளி, வேலை முடித்துச் சாப்பிடாமல் வந்து சர்க்கரைக்கு இரத்தம் கொடுக்கிறார் என்று கொள்ளுங்கள். அந்த இரத்தம் சாதாரணக் குழாயில் எடுக்கப்பட்டு, சீரம் பிரிக்கப்படாமல், வெப்பமான நம் ஊரில் மூன்று மணி நேரம் கழித்து ஆய்வகத்துக்கு வருகிறது. குழாய்க்குள் இருக்கும் சிவப்பணுக்கள் உயிருள்ளவை. தம் தேவைக்காக அவை குளுக்கோஸைத் தொடர்ந்து செலவிடுகின்றன. அறை வெப்பத்தில் மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு வரை அளவு குறையும். இரத்தம் எடுத்த நேரத்தில் டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராம் இருந்தால், மூன்று மணி நேரம் கழித்துக் கருவி சுமார் 116 என்று காட்டும். வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டால் நீரிழிவு என்பது விதி. நோயுள்ள மனிதர் நோயில்லை என்ற தாளுடன் வீடு திரும்புகிறார். கருவியில் பிழை ஏதும் இல்லை.

இதற்காகத்தான் சோடியம் ஃப்ளூரைடு கலந்த, சாம்பல் நிற மூடி போட்ட குழாய் இருக்கிறது. ஃப்ளூரைடு, குளுக்கோஸ் சிதையும் பாதையில் உள்ள ஈனோலேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது. ஆனால் அந்தப் பாதையின் பத்துப் படிகளில் ஈனோலேஸ் ஒன்பதாவது படி. அதற்கு முந்தைய நொதிகள், சிவப்பணுவில் இருக்கும் ஏ.டி.பி. என்ற ஆற்றல் தரும் சேர்மம் தீரும்வரை, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குக் குளுக்கோஸைப் பிடித்து மாற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே ஃப்ளூரைடு குழாயில் எடுத்தாலும் மாதிரியைக் குளிர்நிலையில் வைத்து, விரைவில் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். முதலாண்டு மாணவர் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் அந்தப் பத்துப் படிகள், ஆறுகாணியிலிருந்து வரும் ஒரு மனிதரின் நோய் கண்டுபிடிக்கப்படுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. பாடத்தை இந்த இடத்திலிருந்து தொடங்கும் ஆசிரியர் மைய ஆய்வகத்தில் நின்று வேலை செய்தவராக இருக்க வேண்டும். நின்றிராதவருக்கு இது தோன்றாது.

ஆராய்ச்சியும் இப்படித்தான் பிறக்கிறது. அதற்கு நம் அண்டை நிலத்தவர் ஒருவரின் வாழ்க்கையைக் காட்டுவேன். பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கதராடை அணிந்து அறுவைச் சிகிச்சைப் பயிற்சிக்குச் சென்றதால் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். தகுதி மட்டும் பெற்றார். சென்னையிலேயே ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தார். பின்னர் அமெரிக்கா சென்று, ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்கேயின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அங்கே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி மருத்துவமனை ஆய்வகத்தின் அன்றாடக் கேள்வி: உடல் திரவங்களில் உள்ள பாஸ்பரஸை எப்படித் துல்லியமாக அளப்பது? புரதம் நீக்கிய கரைசலில் அமிலம் கலந்த அமோனியம் மாலிப்டேட்டைச் சேர்த்து, அதன்பின் ஒடுக்கும் வேதிப்பொருள் ஒன்றைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும்; நீலத்தின் அடர்த்தி பாஸ்பேட்டின் அளவைச் சொல்லும். 1925இல் வெளிவந்த இந்த முறை இன்றும் செய்முறை வகுப்புகளில் ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்றே வழங்குகிறது. அதே முறையைத் தசைச் சாற்றில் செய்தபோது, நீலம் உடனே முழுமை பெறாமல் நேரம் செல்லச் செல்ல ஏறிக்கொண்டே போனது. கரைசல் கெட்டுவிட்டது என்று கருதிக் கொட்டிவிட்டு மறுபடி தயாரிப்பதே ஆய்வகங்களில் இயல்பாக நடப்பது. அவர்கள் அந்தத் தாமதத்தையே ஆராய்ந்தார்கள். அமிலத்தில் மெல்ல உடைந்து பாஸ்பேட்டை விடுவிக்கும் சேர்மம் ஒன்று தசையில் இருக்கிறது என்று தெரிந்தது. அதுவே 1927இல் அறிவிக்கப்பட்ட பாஸ்போகிரியேட்டின். தொடர்ந்து 1929இல் ஏ.டி.பி. வெளிப்பட்டது, ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதே ஆண்டில் தனியாக அதைக் கண்டறிந்தார். தசை சுருங்குவதற்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற பெரிய வினாவுக்கு, ஓர் அளவீட்டு முறையின் வண்ணத் தாமதம் வழிகாட்டியது.

ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிலையான பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வகங்களுக்குச் சென்றார். அங்கே அவருடைய குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அவருடைய உடன்பிறந்தாரின் உயிரைக் குடித்த, உணவுச் சத்துகளைக் குடல் சரிவர உறிஞ்சாமல் போகும் ஸ்ப்ரூ நோயில் வரும் இரத்தசோகைக்கு அது மருந்தாயிற்று. அதே ஸ்ப்ரூ நோய் 1960களில் வேலூரைச் சுற்றியிருந்த கிராமங்களில் கொள்ளைநோய்போல் பரவியதையும், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பேக்கர், மாத்தன் ஆகியோர் அதை ஊர் ஊராக ஆராய்ந்ததையும் ஆந்திர எல்லையில் உள்ளவர்கள் அறிவார்கள். ஃபோலிக் அமிலத்தைப் போன்ற அமைப்புடன், அதற்கு எதிராகச் செயல்படும் அமினோப்டெரினைக் கொண்டு, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் தற்காலிகத் தணிவு காண முடியும் என்று சிட்னி ஃபார்பர் 1948இல் காட்டினார். அதன் நெருங்கிய உறவான மீத்தோடிரெக்சேட் இன்றும் நம் மருந்தகங்களில் இருக்கிறது. சேர்த்தலை போன்ற கடலோரப் பகுதிகளில் யானைக்கால் நோய்க்குக் கொடுக்கப்பட்ட டி.இ.சி. மாத்திரையும் சுப்பாராவுடைய குழுவின் பணியில் விளைந்ததே. அந்த 1948ஆம் ஆண்டிலேயே, 53 வயதில் சுப்பாராவ் காலமானார்.

இனி, இத்துறைக்கு வர விரும்புவோருக்கான நடைமுறைச் செய்தி. வழிகள் இரண்டு. எம்.பி.பி.எஸ். முடித்து மூன்றாண்டு எம்.டி. உயிர்வேதியியல் படிப்பது ஒன்று. மருத்துவ உயிர்வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்து முனைவர் பட்டம் பெறுவது மற்றொன்று. இரண்டாம் வழியில் வருவோருக்கு, பழைய மருத்துவக் கவுன்சில் காலத்தில் ஆசிரியப் பணியிடங்களில் பாதி வரை இடம் இருந்தது. 2020ஆம் ஆண்டு விதிகள் அதை வெகுவாகக் குறைத்துவிட்டன. விதிகள் மாறக்கூடியவை என்பதால், சேருமுன் நடப்பு விதியைப் படித்துப் பார்த்துவிடுங்கள். இந்தக் குறைப்பை நான் ஏற்கவில்லை. ஹெச்.எம்.ஜி. கோ-ஏ என்னும் சேர்மம் உடைவதை 1950களில் அமெரிக்காவில் மைனர் கூனுடன் சேர்ந்து ஆராய்ந்த பி.கே. பச்சாவத், முனைவர் பட்ட வழியில் வந்த உயிர்வேதியியலாளர். அவர் வேலூர் மருத்துவக் கல்லூரியில் நரம்பு வேதியியல் ஆய்வை வளர்த்தெடுத்து, 1962இல் பட்நாகர் பரிசு பெற்றார். அத்தகையோருக்குக் கதவைச் சாத்துவதால் இழப்பு மருத்துவ மாணவர்களுக்கே.

எந்த வழியில் சேர்ந்தாலும், ஆய்வேட்டுக்குத் தலைப்பு எடுக்கும் நேரத்தில் கவனம் வேண்டும். எங்கோ நடந்த ஆய்வை இங்குள்ள நோயாளிகளிடம் அப்படியே திரும்பச் செய்து, புள்ளிவிவரம் போட்டுக் கட்டிக் கொடுத்துவிடும் வழக்கம் பெருகிவிட்டது. இது என் மனத்தை வருத்துகிறது. ஏனெனில் நம் வீட்டு அடுக்களையிலேயே விடை காணாத கேள்விகள் கிடக்கின்றன.

மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கைத்தான் சொல்கிறேன். திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மன்னர் அதன் சாகுபடியை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது, ஏழைகளின் வயிற்றை நிரப்பியது இக்கிழங்கே. இதில் லினமரின் என்ற பொருள் உண்டு. கிழங்கு நறுக்கப்படும்போது அதிலுள்ள நொதி லினமரினை உடைக்க, இறுதியில் சயனைடு வெளிப்படுகிறது. தோலுரித்து, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டும் நம் பெண்களின் வழக்கம் சயனைடின் பெரும்பகுதியை நீக்கிவிடும். மிஞ்சியதை உடலில் ரொடனேஸ் என்ற நொதி தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றும். அந்த மாற்றத்துக்குக் கந்தகம் வேண்டும். கந்தகம் புரத உணவிலிருந்து வருகிறது. மரச்சீனியுடன் மீன்கறி சேரும்போது அந்தத் தேவையும் நிறைவேறுகிறது. மீன் வாங்க வழியில்லாத வீட்டில் என்ன ஆகும்?

கேரளத்தில் ஏராளமான இளம் நோயாளிகளிடம் கணையத்தில் கற்களும் நீரிழிவும் சேர்ந்திருக்கக் கண்ட மருத்துவர் கீவர்கீஸ், மெக்மிலன் என்பவருடன் இணைந்து, மரச்சீனியின் சயனைடும் புரதக் குறைவும் இதற்குக் காரணமாகலாம் என்று 1979இல் எழுதினார். அழகான கருதுகோள், ஆனால் அது அப்படியே நிலைக்கவில்லை. மரச்சீனி உண்ணாத பகுதிகளிலும் இந்நோய் இருந்தது. அதையே உண்டு வாழும் ஆப்பிரிக்க மக்கள் பலரிடம் இல்லை. பின்னர் எஸ்.பி.ஐ.என்.கே.1 என்ற மரபணுவின் மாற்றம் நோயாளிகளில் பலரிடம் காணப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனமும் 1985இல் சேர்த்திருந்த 'ஊட்டக்குறை சார்ந்த நீரிழிவு' என்ற பிரிவை 1999இல் நீக்கியது. இதனால் கேள்வி முடிந்துவிட்டதென்று நான் நினைக்கவில்லை. மரபணு மாற்றம் உள்ளவர் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. ஒருவருக்கு வந்து அவருடைய அண்ணனுக்கு வராமல் இருப்பதற்கு உணவில் ஏதேனும் காரணம் உண்டா என்பது விளவங்கோடு, கல்குளம், நெய்யாற்றின்கரை வட்டங்களில் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இதைத் தொடங்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஃபெரிக் நைட்ரேட் சேர்த்தால் சிறுநீரில் உள்ள தயோசயனேட் சிவந்த நிறம் தரும். செய்முறைக் கூடத்தில் இருக்கும் நிறமானியிலேயே அதை அளக்கலாம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், உண்ட கிழங்கின் அளவையும் சமைத்த முறையையும் வீட்டாரிடம் பொறுமையாகக் கேட்டு எழுதும் மனமும் வேண்டும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களின் சிறுநீரில் தயோசயனேட் எப்படியும் கூடுதலாகவே இருக்கும் என்பதால், அவர்களை முதலிலேயே தனிப் பிரிவாக வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.