கழுத்து ஒப்பரேசன் தழும்பு: கிட்ட வந்து பாருங்கள்

வணக்கம் எல்லாருக்கும். இன்றைக்கு முகத்தில் ஒன்றும் பூசவில்லை, தலைமுடியையும் இழுத்துக் கட்டியிருக்கிறேன். தழும்பைக் காட்டத்தானே வந்திருக்கிறேன், மூடிவைத்துக்கொண்டு என்னத்தைக் கதைக்கிறது?

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வரி. உடம்பு மெலிந்த பிறகு நாடிக்குக் கீழே தோல் தொங்கி, கழுத்தில் நரம்பு மாதிரி இரண்டு கோடு எழும்பி நின்றது. அது நரம்பு இல்லை, பிளட்டிஸ்மா என்கிற மெல்லிய தசை. கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அந்தத் தசையை நடுவில் சேர்த்துத் தைத்து, மிச்சத் தோலை வெட்டி எடுத்தார்கள். 'இந்த வயதில் உனக்கு இது தேவையா' என்கிற கேள்விக்கு இந்த வீடியோவில் பதில் கிடையாது. மாமிமார் நேரிலேயே கேட்டார்கள், அவர்களுக்கும் சொல்லவில்லை.

சரி, கமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன். இது நாடிக்குக் கீழே இருக்கிறது. தோல் மடிகிற கோட்டிலேயே வெட்டியதால் நான் அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். மற்றது காதைச் சுற்றி. தோட்டுக்குக் கீழே வளைந்து, காதுக்குப் பின்னால் ஏறி, பிடரிப் பக்கம் முடிக்குள் போகிறது. ஒப்பரேசனுக்கு முன் டொக்டர் படம் காட்டினால் முன்பக்கப் படத்தோடு திருப்திப்பட்டு எழும்பி வராதீர்கள். காதுக்குப் பின்னால் எடுத்த படத்தைக் கேளுங்கள். தோல் இழுபட்டு நிற்கிற இடம் அது, இரத்த ஓட்டமும் குறைவு. புண் மாறப் பிந்தினால் அங்கேதான் பிந்தும், தழும்பு தடித்தாலும் அனேகமாக அங்கேதான்.

வெளிநாட்டு வீடியோக்களில் 'சிவப்பு மங்கிவிடும்' என்று சொல்வார்கள். எங்கள் தோலில் சிவப்பு பெரிதாகத் தெரியாது, கறுக்கும். காயம் பட்ட இடத்தில் நிறமி கூடச் சுரக்கிறதால் வருகிற கறுப்பு அது. அது மங்க மாதக் கணக்காகும். அதைவிடக் கவனிக்கவேண்டியது கீலோயிட். வெட்டின கோட்டைத் தாண்டிப் பக்கத்து நல்ல தோலுக்குள்ளும் வளருகிற கட்டி. கோட்டுக்குள்ளேயே தடித்து நின்றால் அது வேறு, காலம் போகப் போகத் தானாக அமரக்கூடும். கீலோயிட் அப்படி அமராது. கறுத்த தோலுக்கு அது வருகிற வாய்ப்புக் கூட, அதுவும் காது அதற்குப் பிடித்த இடம்.

உங்களுக்கு வருமா என்று ஓரளவு பார்க்க உங்கள் உடம்பையே பாருங்கள். காது குத்தின இடத்தில் கட்டி வந்ததா? இடது கையில் காசநோய் வராமல் போடுகிற பிசிஜி ஊசியின் இடம் தடித்து நிற்கிறதா? அம்மாவுக்கோ சகோதரங்களுக்கோ அப்படி இருக்கிறதா? எங்கள் வயதுச் சனத்தில் ஷெல் துண்டு பட்ட தழும்பு இருக்கிறவர்களும் குறைவில்லை. அது எப்படி மாறினது என்பதையும் டொக்டரிடம் காட்டுங்கள். வடிவுக்குச் செய்கிற ஒப்பரேசனுக்குப் போய் அந்தக் கதையை எடுப்பதா என்று கூச்சப்படவேண்டாம். அவருக்கு அது தேவையான தகவல்.

இனி முதல் நாட்கள். பெரிய பயம் உள்ளுக்குள் இரத்தம் கட்டுவது. பெரும்பாலும் முதல் 24 மணித்தியாலத்துக்குள் வரும். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி, இறுகி, நோ கூடினால், அல்லது மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருந்தால், விடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிற விசயம் இல்லை. இதனால்தான் ஒப்பரேசன் முடிந்த கையோடு இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். தையல் வெட்டும் வரைக்கும் நான் கொழும்பில் சொந்தக்காரர் வீட்டிலேயே இருந்தேன். முன்பக்கத் தையல் ஒரு கிழமையளவில் வெட்டுவார்கள், காதுக்குப் பின்னால் இருப்பதற்கு இரண்டு கிழமை வரைக்கும் போகலாம்.

இரத்த அழுத்தம் ஏறினால் இரத்தம் கட்டுகிற அபாயமும் ஏறும். ஆகவே குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. கேட்கச் சின்ன விசயம். யாழ்ப்பாணத்து வீட்டில் குனியாமல் என்ன வேலை செய்வீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்? முற்றம் கூட்டுவது குனிந்து, திருவலையில் தேங்காய் திருவுவது குனிந்து, கிணற்றடியில் வாளி தூக்குவது மூச்சை அடக்கி. வீட்டில் உள்ளவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி ஆளுக்கு ஒரு வேலையாகப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். காயம் தெரியாததால் 'இவ நல்லாகத்தானே இருக்கிறா' என்று நினைத்துவிடுவார்கள். படுக்கும்போது தலையை உயர்த்தி, மல்லாந்து. நாடியைச் சுற்றி ஓர் இறுக்கப் பட்டி தருவார்கள். எங்கள் வெக்கைக்கு அது ஒரு தண்டனைதான், ஆனாலும் டொக்டர் சொல்கிற வரைக்கும் போட்டே ஆகவேண்டும். உள்ளே வேர்த்தால் துடைத்துக் காயவிட்டுப் போடுங்கள்.

புகையிலை. சிகரெட் என்று சொன்னால் பெண்கள் 'எங்களுக்கில்லை' என்று விட்டுவிடுவார்கள். வெற்றிலையோடு ஒரு துண்டு யாழ்ப்பாணப் புகையிலை போடுகிறீர்களா? அதிலும் நிக்கொட்டின்தான். அது தோலுக்குப் போகிற சின்ன இரத்தக் குழாய்களைச் சுருக்கும். காதுக்குப் பின்னால் இழுத்துத் தைத்த தோலுக்கு இரத்தம் போகாவிட்டால் அந்த இடம் கறுத்துச் செத்துப்போகும். அப்படி மாறின புண்ணின் தழும்பை எந்தக் கிறீமும் திருத்தாது. ஒப்பரேசனுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு மாதமாவது நிறுத்தவேண்டும், டொக்டர் அதைவிடக் கூடுதலாகச் சொன்னால் அவ்வளவு நாளும்.

சாப்பாட்டில் என் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. மீன் கிரந்தி, அதாவது புண்ணுக்கு ஆகாதாம், இறால் கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி, தக்காளியும் கிரந்தி. எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது சோறும் ரசமும். காயம் ஆறப் புரதம் வேண்டும். உங்களுக்கு ஒத்துவராத சாமான் என்று தெரிந்தால் விடுங்கள், அதைவிட்டு மீனையும் முட்டையையும் சும்மா தள்ளிவைக்காதீர்கள்.

அப்புறம் பூசுகிற கதை. மஞ்சள், கற்றாழை, நல்லெண்ணெய், விற்றமின் ஈ குளிசையை உடைத்துப் பூசுவது, எல்லாம் எனக்கும் சொன்னார்கள். விற்றமின் ஈ பற்றி 1999இல் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு வெளிவந்தது, 15 பேரில் செய்தது. தழும்பு திருந்தியதாகக் காணவில்லை, மூன்றில் ஒரு பங்குப் பேருக்குத் தோல் அரித்துச் சிவந்ததுதான் மிச்சம். பலன் இருப்பதாக ஓரளவு நம்பக்கூடியது சிலிக்கோன் தாளும் ஜெல்லும். காயம் முழுதாக மூடின பிறகுதான் தொடங்கவேண்டும். ஒட்டுகிற தாள் என்றால் ஒரு நாளைக்கு 12 மணித்தியாலமாவது, சில மாதங்களுக்கு. எங்கள் வேர்வைக்குத் தாள் காதுக்குப் பின்னால் நிற்காது, கழன்று தலையணையில்தான் கிடக்கும். ஆகவே நான் ஜெல்லுக்கு மாறினேன். நாடிக்குக் கீழே மட்டும் இரவில் தாள்.

வெயில் பட்டால் அந்தக் கறுப்பு இன்னும் ஏறும். எஸ்பிஎப் 30க்குக் குறையாத வெயில் கிறீம், அதோடு குடை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெயிலில் நிற்கிற ஆட்கள் ஒப்பரேசன் திகதியைக் கலண்டர் பார்த்து எடுங்கள்.

ஹெல்மெட்டைப் பற்றி ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதன் வார் சரியாக நாடிக்குக் கீழே உள்ள தழும்பில்தான் உட்காருகிறது! முழுமுக ஹெல்மெட் என்றால் போடும்போதும் கழற்றும்போதும் காதையும் சேர்த்து இழுக்கும். கழுத்தை வடிவாகத் திருப்பிப் பார்க்க வரும் வரைக்கும் ஸ்கூட்டி ஓடவே கூடாது, ஓட்டோவில் போங்கள். பிறகும் வாருக்கு மென்மையான பருத்தித் துணி சுற்றிக்கொள்ளுங்கள். தாலிக்கொடி அவ்வளவு பிரச்சினை இல்லை, பிடரித் தழும்பு கீழே இறங்கியிருந்தால் மட்டும் உரசும். தோடு போடும்போது கண்ணாடி பாருங்கள், காதுச் சோணை மாதக் கணக்கில் மரத்துப்போய் இருக்கலாம், குத்தினாலும் தெரியாது. தலைக்கு டை அடிப்பதும் ஒரு மாதத்துக்காவது வேண்டாம்.

இரண்டாம் மூன்றாம் மாதத்தில் தழும்பு முன்னதைவிட மோசமாகத் தெரியும். தடிக்கும், கடிக்கும். அது வழமை. முழுதாக அடங்க ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம் எடுக்கும். ஆனால் கோட்டைத் தாண்டிக் கட்டி வளர்ந்தால் காத்திருக்கவேண்டாம். தோல் டொக்டரிடமோ ஒப்பரேசன் செய்தவரிடமோ காட்டினால் அந்த இடத்திலேயே ஸ்டீரொய்ட் ஊசி போடுவார்கள், நேரத்தோடு போட்டால் பலன் கூட. சும்மா வெட்டி எடுத்துவிடுங்கள் என்று கேட்காதீர்கள், வெட்டின கீலோயிட் திரும்ப வளருகிறது வழமை.

எவ்வளவு காசு என்று கேட்கிறவர்களுக்கு: தொகையை நான் சொல்லமாட்டேன், என் பில்லை வைத்து உங்கள் பில்லைக் கணக்குப் போட முடியாது. பட்டிக்கும் பின்னால் போய்க் காட்டுகிற நாட்களுக்கும் தனியாக எடுப்பார்களா, தழும்பு தடித்தால் ஊசிக்கு யார் காசு கட்டுவது, இதை முதலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கொழும்புக்குப் போய்வருகிற செலவையும் அதே கணக்கில் சேருங்கள். சரி, வருகிறேன்.