தாங்கியில் மண்டி, கொமட்டில் கசிவு

[காட்சி: உவர்மலையில் ஒரு வீடு. சீமெந்துத் தட்டின் மேல் 1000 லீற்றர் கறுப்புத் தாங்கி.]

வணக்கம். குழாய்கள் எல்லாம் பூட்டித்தான் கிடக்கின்றன, ஆனாலும் தண்ணீர் பில் ஏறிக்கொண்டே போகிறது. திருகோணமலையில் இந்த முறைப்பாட்டோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “தாங்கியை எப்போது கழுவினீர்கள்?” என்றுதான். அடியில் கிடக்கும் மணல் கிளம்பிவந்து கொமட் சிஸ்டனின் (ஃபிளஷ் தண்ணீர் நிற்கும் தொட்டியின்) வாசருக்கு அடியில் மாட்டினால், வாசர் முழுதாக மூடாது. மண்டியை விட்டுவிட்டு வாசரை மட்டும் மாற்றினால், கொஞ்ச நாளில் பழைய கதைதான்.

[காட்சி: மீற்றர் முகப்பு, மிக அருகில்.]

தாங்கி நிரம்பிய பிறகு, யாரும் தண்ணீர் எடுக்காத நேரமாகப் பார்த்து மீற்றரைக் கவனியுங்கள். பெரும்பாலான மீற்றர்களில் இலக்கங்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அது மெல்ல அசைந்தாலே, தாங்கிக்குப் போகும் பைப் கசிகிறது, அல்லது தாங்கி நிரம்பியதும் தண்ணீரை நிறுத்தும் மிதவை வால்வு சரியாக மூடவில்லை.

தாங்கிக்குப் பிறகு நடப்பதை மீற்றர் உடனே காட்டாது. அதற்கு ஒரு தடி போதும். இரவில் தாங்கிக்குத் தண்ணீர் வரும் வால்வைப் பூட்டுங்கள். தடியை நேராக அடிவரை விட்டு, நனைந்த இடத்தில் கோடு போடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால், அடுத்த இரவு வெளியே போகும் வால்வையும் சேர்த்துப் பூட்டிப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் தாங்கியில்தான் பழுது. இறங்காவிட்டால் கசிவு வீட்டுக்குள்ளே. மீற்றர் இல்லாத கிணற்றுத் தண்ணீர் வீடுகளுக்கும் இதுவே வழி.

வீட்டுக்குள்ளே என்றால் முதல் சந்தேகம் கொமட். சிஸ்டனில் கொஞ்சம் கேசரிக் கலர் கரைத்து, 20 நிமிடம் ஃபிளஷ் பண்ணாமல் விடுங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் பிடிபட்டுவிட்டது. செக்கனுக்கு ஒரு சொட்டுத்தானே என்று விடாதீர்கள், அதுவே நாளைக்கு 20 லீற்றருக்கு மேல் வரும்.

[காட்சி: தாங்கியின் உள்ளே, ரோர்ச் வெளிச்சம். அடியில் பழுப்பு நிறப் படிவு.]

சரி, மண்டிக்கு வருவோம். வெளியே போகும் பைப் அடியிலிருந்து சற்று உயரத்தில் இருப்பதால் மண்டி கீழே தங்கிவிடுகிறது. கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் தண்ணீர் குறைந்து மட்டம் இறங்கும்போதுதான் அது கலங்கிப் பைப்புக்குள் போகிறது. ஆகவே அதற்கு முன்பே கழுவிவிடுவது நல்லது.

வெளியே போகும் வால்வைப் பூட்டுங்கள், மண்டித் தண்ணீர் வீட்டுப் பைப்புக்குள் இறங்கவே கூடாது. ஹோஸ் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியைத் தாங்கியின் அடியிலும் மறுநுனியைக் கீழே முற்றத்திலும் விடுங்கள். வாயால் உறிஞ்ச வேண்டாம். உள்நுனியை அவசரப்படாமல் மெல்ல நகர்த்துங்கள், கலக்கினால் மண்டி எழும்பிவிடும். மிச்சத்தை மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி வெளியேற்றுங்கள். சவர்க்காரத் தூள் வேண்டாம்.

பிறகு தாங்கியை நிரப்பி, 1000 லீற்றருக்கு 1 லீற்றர் என்ற அளவில் வாசனை சேர்க்காத 5 சதவீதக் குளோறின் திரவம் ஊற்றி, 24 மணி நேரம் விடுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது, வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். கொமட் கழுவும் அசிட்டோடு குளோறினைக் கலக்கவே வேண்டாம், நச்சு வாயு வரும். நேரம் முடிந்ததும் முழுதாக வெளியேற்றி, நல்ல தண்ணீரால் அலசி, மறுபடி நிரப்புங்கள்.

மூடி இறுக்கமாக இருக்கட்டும், ஓவர்ஃபுளோ பைப்பின் வாயில் நுளம்பு வலை கட்டுங்கள். 2017இல் கிண்ணியா பட்ட டெங்குப் பாடு நமக்குத் தெரியும். அந்த நுளம்பு முட்டையிடுவது இப்படித் தேங்கி நிற்கும் தண்ணீரில்தான்.