மனசு இருக்குதுங்க, ஏற்பாடுதான் இல்ல

நடுவர் அய்யாவுக்கும் பொங்கல் நோம்பிக்கு இங்க பவானில கூடியிருக்கற அத்தன பேருக்கும் வணக்கமுங்க. நெனச்சத நெனச்சபடி செஞ்சு முடிக்கறதுக்கு வேண்டியது மன உறுதியா, முன்னேற்பாடாங்கறது தலைப்பு. எதிரணி அண்ணன் ஒரே போடா போட்டுட்டாரு, செய்யாதவனுக்கு மனசில்ல அவ்வளவுதான்னு. என்னால ஒத்துக்கவே முடியலீங்க. சக்கர வந்த அம்மா ஒருத்தங்க நாளைலிருந்து நடக்கறேனுங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு வர்றாங்க, நடக்கல. கோயமுத்தூர்ல வேல பாக்கற பையன் தெனமும் அம்மாவுக்கு போன் பண்ணோணும்னு நெனைக்கறான், வாரம் ஓடிப்போயிருது. அந்தம்மாவுக்கு உசுரு மேல ஆச இல்லீங்களா, அந்தப் பையனுக்குப் பெத்தவ மேல பாசம் இல்லீங்களா? இருக்குதுங்க, நெறையவே இருக்குது. அவங்களப் பாத்து மனசில்லாதவங்கன்னு சொல்றது ரொம்பத் தப்புங்க.

திருப்பூர் பனியன் கம்பெனிய எடுத்துக்குங்க. சனிக்கெழமையானா சம்பளம். ஒருத்தங்க செலவு போக மிஞ்சறத எடுத்து வெக்கலாம்னு இருக்கறாங்க, எங்கீங்க மிஞ்சுது, மளிகக்கட பாக்கி, புள்ளைக்கு நோட்டுன்னு திங்கக்கெழமைக்குள்ள கரைஞ்சிருது. பக்கத்து மிசின்ல தைக்கற அக்கா, சம்பளம் கைக்கு வந்ததும் கம்பெனி கேட்டுகிட்டயே சீட்டுக்காரம்மாகிட்ட சீட்டுப் பணத்தக் குடுத்துட்டுத்தான் வீட்டுக்கே போறாங்க. ரெண்டு பேருக்கும் அதே கூலி, அதே கஷ்டம்.

ஜெர்மனில கோல்விட்சர்னு ஒரு மனோதத்துவ பேராசிரியர், அவரும் இன்னொருத்தரும் 1997ல ஒரு ஆராய்ச்சிய வெளியிட்டாங்க. கிறிஸ்துமஸ் லீவுக்குப் போற மாணவர்கள்கிட்ட, கிறிஸ்துமசுக்கு மொத நாள் பொழுதோட என்ன பண்ணுனீங்கன்னு 48 மணி நேரத்துக்குள்ள எழுதி அனுப்பச் சொன்னாங்க. அதுல பாதிப் பேர்கிட்ட மட்டும், எங்க உக்காந்து எப்ப எழுதுவீங்கன்னு இப்பவே முடிவு பண்ணிக்குங்கன்னு எச்சா ஒரு வார்த்த, அவ்வளவுதான். அப்படி முடிவு பண்ணுனவங்கள்ல நாலுல மூணு பேர் எழுதிட்டாங்க, மத்தவங்கள்ல மூணுல ஒருத்தர்தான். இன்ன நேரம் வந்தா இன்னது செய்யறதுன்னு முன்னாடியே முடிச்சுப் போட்டு வெச்சா அந்த நேரம் வந்ததும் வேல தானா ஞாபகத்துக்கு வந்துருது, செய்யலாமா வேண்டாமான்னு அப்ப உக்காந்து யோசிக்க வேண்டியதில்லீங்க.

நம்மூர்லயே பாருங்க, நடக்கறேன்னு சொல்லிட்டு நடக்காத அதே அம்மா வெடியால பால் சொசைட்டிக்கு ஒரு நாள் தப்பறதில்ல, மார்கழிப் பனியானாலும் காச்சலானாலும் பால் போய்ச் சேந்துருது, ஏன்னா மாடு கத்தும், அளக்கற நேரம் தாண்டுனா அப்பறம் வாங்க மாட்டாங்க. அப்ப மன உறுதி பாலுக்கு மட்டும் இருக்குது நடைக்கு இல்லைங்களா? பால ஊத்துன கையோட வீட்டுக்குத் திரும்பாம, கேன சொசைட்டிலயே வெச்சுட்டு வாய்க்கா மேட்டுல ஒரு நட போயிட்டு வந்து கேன எடுத்துக்கலாம்னு யாராச்சும் ஒரு யோசன சொல்லியிருந்தா அவங்க இந்நேரம் நடந்துட்டுத்தான் இருப்பாங்க. அந்தப் பையன் வேல முடிஞ்சு பஸ் ஏறி சீட்டுல உக்காந்ததும் அம்மாவுக்கு போன்னு வெச்சுக்கட்டும், போதும்.

அந்த வாய்க்காலயே எடுத்துக்குங்க, நம்ம காலிங்கராயன் வாய்க்கா. அந்தக் காலத்துல கொங்கு நாட்டுத் தலைவரா இருந்த காலிங்கராயரு இதே பவானி ஆத்துல அணையக் கட்டி, நொய்யல் வரைக்கும் சுமார் 90 கிலோமீட்டர் வெட்டி, 1283ல முடிச்சாரு. தன் சொந்த நெலத்துக்குத் தண்ணி பாச்சத்தான் வெட்டுறாருன்னு ஒரு பேச்சு கெளம்புச்சாம். நானும் என் வம்சமும் இந்தத் தண்ணியத் தொடறதில்லன்னு சத்தியம் பண்ணிட்டு, பொறந்த ஊர விட்டே பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடி போயிட்டாருன்னு பெரியவங்க சொல்லுவாங்க. அந்த முடிவெடுக்க மன உறுதி வேணுமுங்க, நான் மறுக்கல, ஆனா அது ஒரு நாள் வேல. அதுக்கப்பறம் வெள்ளாம காயுற ஒவ்வொரு கோடைலயும் கண்ணு முன்னால ஓடற தண்ணியப் பாத்து மனசோட மல்லுக்கட்ட வேண்டிய நெலமையே அவருக்கு வரக்கூடாதுன்னு பண்ணிக்கிட்டாருங்க.

மன உறுதி ஒண்ணே போதும்னா, ஏழு நூறு வருசம் தாண்டியும் தண்ணி ஓடற வாய்க்கால வெட்டுன மனுசன் எதுக்குங்க ஊர விட்டுப் போகோணும்? எதிரணில அடுத்துப் பேச வர்ற அக்கா இதுக்கு மொதல்ல பதில் சொல்லிட்டு ஆரம்பிக்கட்டும். வணக்கமுங்க.