வடிகட்டிக்குள் பிறக்கும் தீப்பொறி: எரிபொருளும் நிலைமின்சாரமும்

(காட்சி: டர்பன் துறைமுகம், ஐலண்ட் வியூ எண்ணெய்த் தொட்டிகள்)

வணக்கம். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலும் பிரிட்டோரியாவின் லாடியத்திலும் இருக்கும் நம் உறவினர்களுக்கு ஜூன், ஜூலை மாதங்களில் கார்க் கதவைத் தொட்டாலே விரல் நுனியில் சுரீர் என்கிறது. ஹைவெல்ட் என்ற அந்த மேட்டுநிலத்தின் குளிர்காலக் காற்று அவ்வளவு வறண்டது. டர்பனில் கடற்காற்றின் ஈரம் எல்லாப் பொருள்களின் மேலும் மெல்லியதாகப் படிந்து மின்னூட்டத்தைக் கசிய விட்டுவிடுகிறது. அதனால், ‘நிலைமின்சாரமெல்லாம் மேட்டுநிலத்துக்காரர்களின் தொல்லை’ என்று எரிபொருள் தொழிலில் இருப்பவர்கள்கூட இங்கே நினைப்பதுண்டு.

ஆபத்தான எண்ணம் அது. குழாய்க்குள் ஓடும் டீசலுக்கு வெளியே அடிக்கும் ஈரக்காற்று எந்த வகையிலும் துணை நிற்காது. மின்னூட்டம் திரவத்திற்குள்ளேயே பிறக்கிறது. அது மிக அதிகமாகப் பிறக்கும் இடம், எரிபொருளைச் சுத்தம் செய்ய நாம் நம்பி வைத்திருக்கும் வடிகட்டி.

(காட்சி: குறுக்காக அறுத்த வடிகட்டி, மடிப்பு மடிப்பாகத் தாள்)

எவ்வளவு தூய்மையான எரிபொருளிலும் மின்னூட்டம் கொண்ட துகள்கள் மிகச் சிறிய அளவில் இருக்கும். திரவம் ஒரு திடப்பரப்பை உரசி ஓடும்போது ஒரு வகை மின்னூட்டம் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். எதிர்வகை ஓட்டத்தோடு போய்விடும். முறத்தில் புடைக்கும்போது மணி தங்கி உமி பறப்பதைப் போன்ற பிரிவு இது. வெறும் குழாயிலும் இது நடக்கிறது, ஆனால் அங்கே உரசுவதற்குச் சுவர் மட்டும்தான். வடிகட்டிக்குள் லட்சக்கணக்கான நுண்ணிழைகளின் பரப்பு முழுவதையும் தொட்டுக்கொண்டு எரிபொருள் வெளியேற வேண்டும். குழாயில் உண்டாவதைப்போல் பத்து முதல் நூறு மடங்கு வரை, சில வேளைகளில் அதற்கும் மேல், மின்னூட்டம் அங்கே உண்டாகிறது. இழை எவ்வளவு நுண்மையோ அவ்வளவு மின்னூட்டம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் பெட்ரோல் நிலையங்களில் 500, 50, 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று டீசலில் உள்ள கந்தகத்தின் அளவைக் குறிப்பிடுகிறார்கள். கந்தகம் குறைவது நுரையீரலுக்கும் எஞ்சினுக்கும் நல்லது. ஆனால் கந்தகத்தை நீக்கும் அதே வேலை, டீசலுக்குச் சிறிதளவு மின்கடத்தும் திறனைத் தந்துவந்த பொருள்களையும் சேர்த்து நீக்கிவிடுகிறது. ஒரு பக்கம் மின்சாரத்தைக் கடத்தாத எரிபொருள், மறுபக்கம் புதிய எஞ்சின்கள் கேட்கும் மிக நுண்ணிய வடிகட்டி. இரண்டும் தனித்தனியே முன்னேற்றம்தான். சேரும் இடத்தில் கவனம் வேண்டும்.

இனி, நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது: எர்த் வயர் மாட்டிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பொருளல்ல. லாரியின் உடலுக்கும் நிரப்பும் குழாய்க்கும் இடையே பொறி பறக்காமல் எர்த் வயர் காக்கிறது. அது கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் வால்வைத் தொடவே கூடாது. ஆனால் தொட்டிக்குள் விழுந்துவிட்ட எரிபொருளில் மிதக்கும் மின்னூட்டத்தை அந்தக் கம்பி உடனே இழுத்துக்கொள்ள முடியாது. மின்னூட்டம் திரவத்தின் வழியாகத் தானே நகர்ந்து தொட்டிச் சுவரை அடைய வேண்டும். திரவமோ மின்சாரத்தை எளிதில் கடத்தாதது.

எவ்வளவு நேரம் ஆகும்? மின்கடத்துத்திறனை மீட்டருக்கு இத்தனை பிக்கோசீமன்ஸ் என்ற மிகச் சிறிய அலகில் அளக்கிறார்கள். 18ஐ அந்த எண்ணால் வகுத்தால், மின்னூட்டம் குறைந்து, தொடக்க அளவில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகமாக மட்டும் மிஞ்ச ஆகும் விநாடிகள் கிடைக்கும். 50 பிக்கோசீமன்ஸ் உள்ள எரிபொருளில் அரை விநாடிகூட ஆகாது. 1 பிக்கோசீமன்ஸ் என்றால் 18 விநாடி. இதனால்தான், கடத்துத்திறன் குறைந்த எரிபொருள் நுண்வடிகட்டியைத் தாண்டியபின் தொட்டியில் விழுவதற்கு முன் குறைந்தது 30 விநாடி குழாயிலோ தனி அறையிலோ தங்க வேண்டும் என்ற விதி உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது.

அந்த 30 விநாடி எவ்வளவு இடம் கேட்கும் என்று கணக்குப் போடுவோம். நிமிடத்திற்கு 600 லிட்டர் ஓடினால் 30 விநாடியில் 300 லிட்டர். 100 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் அதற்குச் சுமார் 38 மீட்டர் நீளம் தேவை. அவ்வளவு இடம் பெரும்பாலான முற்றங்களில் கிடைக்காது. அகலமான தங்கல் அறை ஒன்றை இடையில் வைப்பார்கள், அல்லது ஓட்டத்தைக் குறைப்பார்கள். சொந்தமாக டீசல் தொட்டி வைத்திருக்கும் லாரி உரிமையாளர்கள் தங்கள் முற்றத்தைப் போய்ப் பாருங்கள். புதிய நுண்வடிகட்டியை நிரப்பும் குழாயின் வாயருகே மாட்டியிருந்தால், மாட்டியவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

(காட்சி: டேங்கர் லாரியின் மூடி, உள்ளே இறங்கும் குழாய்)

பெட்ரோல் ஆவியும் காற்றும் சரியான விகிதத்தில் கலந்திருந்தால் பற்றவைக்க 0.2 மில்லிஜூல் அளவு ஆற்றலே போதும். விரலில் நாம் உணரும் பொறிக்கே கிட்டத்தட்ட 1 மில்லிஜூல் வேண்டும். உணரவே முடியாத பொறி ஒரு டேங்கரைக் கொளுத்தலாம் என்பது இதன் பொருள்.

டேங்கரில் பெட்ரோலை இறக்கிக் காலியான அறையில் டீசல் நிரப்புவதைத்தான் நான் எல்லாவற்றிலும் அதிகமாக அஞ்சுகிறேன். சாதாரண வெப்பத்தில் டீசல் ஆவி தீப்பிடிக்கும் அளவுக்குச் சேர்வதில்லை. பெட்ரோல் நிறைந்த அறையிலோ ஆவி மிகவும் அடர்த்தி, அதனாலேயே பெரும்பாலும் பற்றாது. ஆனால் மிச்சமுள்ள பெட்ரோல் ஆவியை உள்ளே விழும் டீசல் உறிஞ்சும்போது, அடர்த்தி குறைந்து தீப்பற்றும் எல்லைக்குள் வருகிறது. மின்னூட்டம் சேர்ந்த டீசலும் அதே நேரத்தில் அங்கே கொட்டுகிறது. குழாயின் முனை எரிபொருளில் மூழ்கும்வரை வேகம் விநாடிக்கு 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. மேலிருந்து தெளித்துக் கொட்டவே கூடாது. நிரப்பியவுடன் அளவுகோலை உள்ளே விடாதீர்கள். பெரிய சேமிப்புத் தொட்டிகளில் 30 நிமிடம் காத்திருக்கச் சொல்கிறார்கள். தவறி விழுந்து மிதக்கும் ஒரு தகரக் குவளை போதும், மின்னூட்டத்தைச் சேர்த்துச் சுவரை நோக்கிப் பொறியாக வீசிவிடும்.

வடிகட்டியை மாற்றிய பிறகு வரும் முதல் நிரப்பலும் அபாயமானது. வடிகட்டி பொருத்திய கலத்திற்குள் அப்போது காற்று இருக்கிறது. வேகமாகத் திறந்துவிட்டால் புதிய இழைகளில் உரசிய எரிபொருள், காற்று, ஆவி மூன்றும் மூடிய உலோகக் கலத்திற்குள் ஒன்று சேர்கின்றன. விமான எரிபொருள் நிலையங்களில் கலத்துக்குள்ளேயே வடிகட்டிகள் கருகியிருப்பதைத் திறந்து பார்த்தபோதுதான் கண்டிருக்கிறார்கள். காற்றுப்போக்கியைத் திறந்து வைத்து, மெதுவாக, பொறுமையாக நிரப்ப வேண்டும்.

எரிபொருளுக்கே கடத்துத்திறனைக் கூட்டும் சேர்மானமும் உண்டு. அது சேர்க்கப்பட்ட ஜெட் ஏ-1 என்ற விமான எரிபொருளில் 50 முதல் 600 பிக்கோசீமன்ஸ் வரை இருக்க வேண்டும் என்பது விதி. சில துளிகளிலேயே வேலை செய்யும் நல்ல மருந்து. ஆனால் நீண்ட குழாய்ப் பயணத்தில் அதன் பலன் குறையலாம். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ஹைடல்பர்க் அருகிலுள்ள ஜேம்சன் பார்க் எரிபொருள் கிடங்கு வரை முதன்மைக் குழாய் மட்டும் 555 கிலோமீட்டர். குளிரிலும் கடத்துத்திறன் இறங்கும். டர்பன் வெயிலில் அளந்த எண்ணை மேட்டுநிலத்துக்கு ஏறும் வான் ரீனன் கணவாய்க்கு அப்பால் ஜூலை மாத விடியலில் நம்பக் கூடாது. அளவு பார்த்துச் சேர்க்கும் பொறுப்பு கிடங்கினுடையது. நாமாக ஊற்றும் பொருள் அல்ல.

(காட்சி: பழைய எண்ணெய் வடிகட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடி)

டொங்காட், ஸ்டாங்கர் பக்கம் நம் முன்னோர் கரும்பு வெட்டிய ஊர்களில் டர்பைன் எண்ணெய், ஹைட்ராலிக் எண்ணெய் வடிகட்டிகளைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு சொல். இங்கே வெடிப்பைவிட அரிப்புதான் கவலை. வடிகட்டிக் கூட்டின் பக்கம் காதை வைத்தால் ‘டிக், டிக்’ என்று கேட்கிறதா? கழற்றிய வடிகட்டியை வெட்டி மடிப்பை விரித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் ஓட்டை, அதன் விளிம்பில் கருகிய வளையம். கண்ணாடி இழையிலிருந்து நடுவிலுள்ள உலோகக் குழலுக்குப் பொறி தாவிய தடம் அது. அந்த ஓட்டை வழியே அழுக்கும் போகும். பொறியின் வெப்பம் எண்ணெயையும் கெடுத்துப் பிசினாக்கும். இன்னும் நுண்மையான வடிகட்டி போட்டால் நிலைமை மோசமாகும். பெரிய அளவு வடிகட்டியால் ஓட்ட அடர்த்தியைக் குறைப்பது, அல்லது மின்கடத்தும் இழை கலந்த வடிகட்டிக்கு மாறுவது பலன் தரும்.

வண்டிகளில்? சில கார்களின் பெட்ரோல் வடிகட்டியில் ஒரு சிறு எர்த் வயர் இருக்கும். மாற்றும்போது அதைத் தேவையற்றது என்று தொங்கவிடுகிறார்கள். மீண்டும் இணையுங்கள். பிளாஸ்டிக் உடல் கொண்ட வடிகட்டியென்றால் அதே மாதிரி கடத்தும் பிளாஸ்டிக்கிலேயே மாற்று வாங்குங்கள். மலிவுச் சாதாரண நைலானில் நாளடைவில் பொறி துளைபோட்டுப் பெட்ரோல் கசியலாம்.

கடைசியாக ஜெனரேட்டருக்கு எரிபொருள் வாங்குபவர்கள். பாக்கி எனும் பிக்கப் வண்டியின் பின்புறத்தில் பிளாஸ்டிக் விரிப்பின்மேல் கேனை வைத்தபடியே நிரப்பச் சொல்லாதீர்கள். அங்கே கேன் தரையிலிருந்து முற்றிலும் துண்டிக்கப்பட்டிருக்கிறது. கீழே இறக்கித் தரையில் வையுங்கள்; குழாய் முனை கேனின் வாயைத் தொட்டபடியே இருக்கட்டும், மெதுவாக நிரப்பச் சொல்லுங்கள். ஊழியர் அவசரப்பட்டாலும் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.